வயிற்றுப் பக்கம்

அருவங்காட்டில் மூன்று நாளாகப் பெயிண்ட் காயவில்லை.
மூடுபனி ஜன்னல் இடுக்கில் நுழைந்து
இறக்கைமேல் உட்கார்ந்துகொள்கிறது.
பிஸ்கட் டப்பாவுக்குள் நாற்பது வாட் பல்பைத் தொங்கவிட்டு
அடை காக்கிறேன்.

இதன் பெயர் வெலிங்டன்.
ரயிலில் அடுத்த ஸ்டேஷன் பெயரும் அதுதான்.
எழுபத்திரண்டில் ஒரு பங்கு.
இறக்கை விரித்தால் ஒரு முழம் தேறாது.
மேலே மண் நிறமும் கரும்பச்சையும், கீழே கறுப்பு.
மேலிருந்து பார்ப்பவனுக்கு வயல்,
கீழிருந்து பார்ப்பவனுக்கு இரவு.
குறிப்புத்தாளில் அப்படித்தான் போட்டிருக்கிறது,
ரசம் வைப்பது எப்படி என்பது மாதிரி.

கறுப்பு அடித்தாயிற்று, இன்னும் ஒட்டுகிறது.
பச்சையைக் கலக்க இரண்டு மாலை போனது.
கொழுந்தின் பச்சை ஆகாது, அது ஊரைக் கூட்டும்.
கவாத்துக்குத் தப்பிய ஒரு முதிர்ந்த இலையைக் கிள்ளி வந்து
மேஜையில் வைத்துக்கொண்டு கலந்தேன்.
மண்ணுக்குக் கேத்தி கேரட்,
கழுவாமல் வாங்கியது, பையின் அடியில் மிஞ்சியது.

இரண்டு நிறமும் சேரும் ஓரம் கோடாகத் தெரியக் கூடாது.
சப்பாத்தி மாவைத் திரிதிரியாக உருட்டி
இறக்கைமேல் வளைத்து ஒட்டி
ஏர்பிரஷ்ஷைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஊத வேண்டும்.
மூச்சையும் பிடித்துக்கொண்டு.

போன வாரம், நாளெல்லாம் வெடிமருந்து எடைபோட்டுவிட்டு
ஷிப்ட் முடிந்து வருகிறேன்,
தேயிலைக்குள் காட்டெருமை. பத்தடியில்.
நான் பார்க்கவில்லை. அது மூச்சு விட்டது.
அப்புறம்தான் ஒரு புதருக்குக் கொம்பு முளைத்தது,
வெள்ளைக் காலுறை போட்ட நான்கு கால் முளைத்தது.
எவ்வளவு நல்ல பெயிண்ட் வேலை என்று நினைத்தபடியே
பின்னால் நடந்தேன்.

மாவு எங்கே என்று கேட்டுக்கொண்டு வந்தாள் யோகமலர்.
கையைத் துடைத்தபடி குனிந்தாள்.
“பொம்மரோ?”
“பொம்மைதான்” என்றேன், திரியைப் பிய்த்துக்கொண்டே.
“பொம்மை இல்ல. பொம்மர்.”

செட்டிகுளத்துப் பேச்சு.
இந்த மலைக்கு வந்த முப்பத்துச் சொச்சம் வருஷத்தில்
அவள் நாக்கிலிருந்து ஒவ்வொன்றாய்க் கழன்றுவிட்டது,
மார்க்கெட்டில் என்னைவிடக் குன்னூர்க்காரியாய்ப் பேரம் பேசுகிறாள்.
இந்த ஒரு சொல்லை
எந்த டப்பாவுக்குள் வைத்திருந்தாளோ.

எடுத்தாள். ஈரம், ஈரம் என்பதற்குள்
தலைக்கு மேலே தூக்கி, பல்புக்கு நேராக,
அண்ணாந்து பார்த்தாள்.
ஒரு மாவுத்திரி அவள் தோளில் விழுந்தது.

“இவ்வளவு ஏன் மெனக்கெடுறியள்?
கீழ நிண்டு பாத்தா நிறம் ஒண்டும் தெரியாது.
பாக்க நேரமும் இராது. இரைச்சல்தான்.
அது கேட்டா பங்கர்.”
கொஞ்சம் பொறுத்து,
“தம்பி மட்டும் எட்டிப் பாப்பான்.”

அவளுக்கு ஒரு தம்பி இருந்தது எனக்குத் தெரியும்.
எட்டிப் பார்ப்பான் என்பது தெரியாது.

பாக்டரிச் சங்கு ஊதியது.
பெயிண்ட் படாத மாவை மட்டும் உருட்டி எடுத்துக்கொண்டு
உள்ளே போனாள். கல் சூடாகும் வாசனை வந்தது.

வயிற்றுப் பக்கத்தில், குண்டுக் கதவு திறக்கிற இடத்தில்
அவள் கட்டைவிரல்.
டெரன்ஸிடம் காட்டினேன்.
உப்புத்தாளில் தேய்த்து இன்னொரு கோட் அடி,
எவனாலும் கண்டுபிடிக்க முடியாது என்றான்.

தேய்க்கவில்லை.
பூதக்கண்ணாடியில் அந்த ரேகைகள்
உயரத்திலிருந்து பார்த்த தேயிலைச் சரிவாய் வளைந்து வளைந்து போகின்றன.
குறுக்கே ஒரு பழைய வெட்டு,
யாரோ போட்டுப் பாதியில் விட்ட ரோடு.

அலமாரியில் இடமில்லை.
நைலான் நூல் கட்டி உத்தரத்தில் தொங்கவிடட்டுமா என்று கேட்டேன்.
யோசித்தாள்.
“சாப்பிடுற இடத்துக்கு மேல மட்டும் வேண்டாம்.”