கேள்வி 17

நகம் ஆறு மாதத்தை ஞாபகம் வைத்திருக்கும்
என்றார்கள் பயிற்சி நாளில்.
முடி, வெட்டாமல் விட்டால், இன்னும் கொஞ்சம்.
மூத்திரத்துக்கு நேற்று மட்டும்தான் தெரியும்.

சம்பூர். காலை எட்டுக்கே கச்சான் புழுதி.
தவரூபி கால்களை நீட்டினாள்.
பத்துப் பிறைத்துண்டுகளைக் காகித உறையில் இட்டு
நாற்பத்து மூன்று என்று எழுதினேன்.
அவள் பெயர் அந்த உறையில் இருக்கக் கூடாது.
கிணற்று நீர் இரண்டு போத்தல்,
ஒன்றில் மட்டும் ஒரு சொட்டு அமிலம்.

சிறுநீரகம் ஏன் சுருங்குகிறதென்று தேடுகிறோம்.
தண்ணீரா, வயல் மருந்தா, வெயிலா,
மூன்றும் சேர்ந்தா?
தெரியாது என்பதை
நாங்கள் மிகக் கவனமாக அளக்கிறோம்.

பிறகு பதினேழாம் கேள்வி:
பிறந்ததிலிருந்து வசித்த இடங்கள், குடித்த நீர், எத்தனை வருடம்.
படிவத்தில் நான்கு வரிகள்.

"எழுதுங்கோ.
சம்பூர், வீட்டுக் கிணறு, லேசா உவர்.
தொண்ணூறில பாட்டாளிபுரம். மணலில ஊத்துத் தோண்டிக் குடிச்சம்.
திரும்பச் சம்பூர், அதே கிணறு.
ரெண்டாயிரத்து ஆறில வெருகல், ஆத்துத் தண்ணி.
வாகரையில தென்னந்தோப்பு.
இளநி முடிஞ்ச பிறகு எதைக் குடிச்சதெண்டு கேக்காதேங்கோ.
மட்டக்களப்பில பள்ளிக்கூட டாங்கி, குளோரின் மணம்.
கிளிவெட்டி முகாமில பவுசர்.
நீலப் பீப்பா, வெயிலில கொதிக்கும்.
எட்டு வருசம்."

ஐந்தாவது இடத்திலேயே ஓரமும் நிரம்பிவிட்டது.
தாளைப் பின்பக்கம் திருப்பினேன்.
கணினியில் பின்பக்கம் கிடையாது.

"எந்தத் தண்ணியெண்டு கண்டுபிடிச்சா
அந்தக் கிணத்தை என்ன செய்வீங்கள்?"

பதில் இல்லாத இடத்தில் நன்றி சொல்லும்படி
கையேட்டில் இருந்தது.
நன்றி சொன்னேன்.

மூதூர் லாஞ்சில்
என் ரெஜிபோம் பெட்டிக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று பெட்டிகள்.
"என்ன மீன், தங்கச்சி?" என்றார் ஒருவர்.
சொன்னேன்.
தன் பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார்.

கொட்டியாரக்குடாவின் நடுவில் சிக்னல் வந்தது.
கொழும்பிலிருந்து கலாநிதி நிரஞ்சலா:
எத்தனை வரிகள் போட்டால் போதும்?

பன்னிரண்டு என்று அடித்தேன்.
கிண்ணியாவில் சுனாமிக்குப் பிறகு
நானும் உம்மாவும் மாறிய வீடுகளை எண்ணிப் பார்த்தேன்.
பன்னிரண்டை அழித்தேன்.

வரி போட வேண்டாம் மேடம்,
வெறும் பக்கமாக விடுங்கள்.

அனுப்பும்போது சிக்னல் போய்விட்டது.
திருகோணமலைக் கரை தெரிந்தது.
ஆய்வகம் மூன்று மணிக்குப் பூட்டிவிடுவார்கள்,
பெட்டியின் அடியில் ஈரம் கசியத் தொடங்கியிருந்தது.