இலக்கம் ஏழு, ஆற்றங்கரை

ஆறு என்றுதான் பலகை சொல்கிறது.
பாலத்தில் நின்று பார்த்தால்
கல், கல்லுக்குப் பின் கல்,
நடுவே யாரோ அரிசி கழைந்து ஊற்றியது போல
ஒரு முழ அகலத்தில் தண்ணீர்.
மற்றதை எல்லாம் மேலேயே மறித்து
சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டார்களாம், கரண்டுக்கு.
வெலிமடைப் பக்கமிருந்து வரும் காற்று
மணலை வாரி வந்து
பல்லிடுக்கில் வைத்துவிட்டுப் போகிறது.

பிரதேச சபையின் முகாம் திடல்.
ஆளுக்கு நூற்றைம்பது, பிள்ளைக்கு இல்லை.
கூடாரத்துக்கு முந்நூறு,
முளைகளுக்கு நூறு ரூபாய் பிணை.
ஒரே குழாய், காலை ஆறிலிருந்து ஏழு வரை.
ஒரே கக்கூஸ். கொளுக்கி இல்லை,
உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருக்க வேண்டும்.
புவனராஜுக்கு ஒரு பாட்டும் முழுசாகத் தெரியாது.

காவல்காரர் விமலசேன
சீட்டுப் புத்தகத்துக்குள் கார்பன் தாளை நுழைத்தார்.
பெயர்?
அஞ்சலாதேவி, என்றேன், அவனை முந்திக்கொண்டு.
விலாசம்?

எங்கள் லயத்தில் பன்னிரண்டு கதவுகள்.
ஒன்றுக்கும் இலக்கம் கிடையாது.
கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு.
பேங்க் கடிதம் ஒன்று
மூன்று கிழமை கிளாக்கர் மேசையில் கிடந்து
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டத்தோடு
என் கைக்கு வந்தது.

நாங்கள் யோசிப்பதைப் பார்த்து
விமலசேன பேனாவை உதறினார்.
'சரி நங்கி, இன்னைக்கு இதுதானே வீடு.'
எழுதினார்: இலக்கம் ஏழு, ஆற்றங்கரை.

பத்தடிக்குப் பத்தடி.
நான்கு மூலையிலும் சுண்ணாம்பு பூசிய கல்.
எங்கள் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு,
அதில் ஆறு பேர்.
இங்கே மூன்று பேர் கையைக் காலை நீட்டியும்
இடம் மிச்சம்.

கிஷோத் கேட்டான்,
'அம்மா, இங்க தோண்டலாமா? ஏசுவாங்களா?'
போன வருஷம் லயத்துக் கோடியில்
நான்கு பாத்தி போஞ்சி போட்டேன்.
கொடி கம்பைப் பிடித்த கிழமை
கணக்கப்பிள்ளை நாடா கொண்டுவந்து அளந்தார்.
பிடுங்கியதும் நான்தான்,
அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

'தோண்டு,' என்றேன்.
மாலை முழுக்க, அகப்பைக் காம்பால்,
தன் முழங்கை போகும் ஆழத்துக்குத் தோண்டினான்.
அடியில் ஈரம் இருந்தது.
'தண்ணி! தண்ணி!' என்று கத்தினான்,
ஆற்றுக்குப் பத்து எட்டுத் தள்ளி நின்றுகொண்டு.

எட்டாம் இலக்கத்தில் கொழும்புக் குடும்பம்.
அந்த அக்கா டின் மீன் கொடுத்தாள்,
நான் ரொட்டியும் கட்டச்சம்பலும் கொடுத்தேன்.
எங்கிருந்து வாறீங்க?
எதிர்மலையில் மூன்று லைட் தெரிகிறதே,
நடுவில் உள்ளது, என்று காட்டினேன்.
'இவ்வளவு கிட்டவா!
பிறகு ஏன் காசு குடுத்து
மண்ணுல வந்து படுக்கிறீங்க?'
சிரித்தேன்.
சம்பல் இன்னும் வேணுமா என்று கேட்டேன்.

இரவு காற்று கூடாரத்தைத்
துணி உதறுவது போல உதறியது.
டர்பன்டைன் மரங்களுக்கு மேலே
நட்சத்திரம் கொட்டிக் கிடந்தது.
காதை மண்ணில் வைத்தால்
கல்லுக்கு அடியில் எங்கோ ஆறு போகும் சத்தம்,
அடுத்த காம்பராவில் யாரோ
மெதுவாகப் பேசுவது போல.

காலையில் குழாய் ஆறேகாலுக்குத்தான் வந்தது.
கூடாரத்தைச் சுருட்டினோம்.
ஏழு முளைகள் வந்துவிட்டன.
எட்டாவது வரவில்லை.
புவனராஜ் கயிறு கட்டி இழுத்தான்,
காலை ஊன்றி இழுத்தான்,
கிஷோத் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தான்.
விமலசேன குனிந்து பார்த்தார்,
தலையே மண்ணுக்குள் போயிருந்தது.
'விடு தம்பி,' என்றார்,
பிணைக் காசைத் திருப்பித் தரவில்லை.

நூறு ரூபாய் போச்சே என்று
பஸ்ஸில் முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தான்.
சீட்டு என் சட்டைக்குள் இருந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை,

இரண்டு மணி இருக்கும், எழுந்து போய்,
உருண்டைக் கல் ஒன்றை எடுத்து,
சத்தம் கேட்காமல் முந்தானையை மேலே மடித்து வைத்து,
அதை அடித்தேன் என்று.