ஒன்பதாவது கப்பல்

கவாசாகியில், சலவைக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
கீழிருந்து நீராவி ஏறிவரும்.
எங்கள் விண்வெளிக்கு எப்போதும் கஞ்சி மணம்.
ஆறு பேர், நான்கு மேசை, ஒரு விளையாட்டு.
‘செல்காதா’ என்று பெயர்.
இடமிருந்து பறக்கும் ஒற்றைக் கப்பல்
வலமிருந்து வரும் எல்லாவற்றையும் சுட வேண்டும்.
அவ்வளவுதான் அதன் கதை.
மிச்சக் கதை என் பொறுப்பு:
இருபத்து நான்கு பக்கக் கையேடு,
உள்ளங்கை அகலம்.

நிரல் எழுதியவர் குசுமாகி.
ஒரு நட்சத்திரத்தை விற்றுத்தான்
ஒரு வெடிச்சத்தம் வாங்குவார்.
வானத்தில் முதலில் இரண்டு நிலா.
ஒன்று, ஆகஸ்ட் மாதத்தில்,
கப்பலின் மூன்றாம் துப்பாக்கியாகிவிட்டது.

சலவைக்காரர் மகள் சினாமி,
ஒன்பது வயது, பள்ளி விட்டதும் மேலே வருவாள்.
சம்பளமில்லாத சோதனையாளர்.
சுடமாட்டாள்.
துணி காயும் கொடிகளுக்கிடையே ஓடுவதுபோல
எதிரிகளின் ஊடே நுழைந்து நுழைந்து போவாள்.
ஐந்தாம் கட்டத்தில் ஒருநாள் வெடித்தாள்.
மறுபடியும் வெடித்தாள்.
‘எதில் மோதினாய்?’
‘ஒன்றுமில்லாததில்.’

குசுமாகி சிகரெட்டை அணைத்தார்.
ஒரே கிடைக்கோட்டில் எட்டு உருவம்தான்
இந்தப் பெட்டியால் வரைய முடியும், என்றார்.
ஒன்பதாவது வந்தால் வரும்.
இருக்கும், பறக்கும், இடிக்கும்.
தெரியாது.
எட்டில் ஒன்று செத்தால் போதும்,
அந்த இடத்தில் உடனே தெரியும்.
எல்லாரும் சுடுவார்கள் என்று நினைத்துவிட்டேன்.

அதற்குள் முப்பதாயிரம் கேசட்டுகள்
தொழிற்சாலையில் அச்சாகிவிட்டன.
முதலாளி சுவரைப் பார்த்தார், நாட்காட்டியைப் பார்த்தார்,
பிறகு என்னைப் பார்த்தார்.
‘கையேடு வியாழன்தானே அச்சுக்குப் போகிறது?’

அன்று இரவு பதினேழாம் பக்கத்தில்
ஜெனரலின் வாழ்க்கை வரலாற்றை மூன்று வரி குறைத்து
எழுதினேன்:
உருவிலி. செல்காதா படையின் ஒன்பதாம் கப்பல்.
கொல்பவர் கண்ணுக்குத் தெரியும்.
ஒதுங்கிப் போகிறவரையே அது கொல்லும்.
படம் போட ஒரு கட்டம் விட்டு
‘கண்டவர் வரைந்து அனுப்பவும்’ என்று சேர்த்தேன்.
பொய்தான். ஆனாலும் ஒரு சொல்கூட
குசுமாகி சொன்னதற்கு மாறாக இல்லை.

புத்தாண்டு முடிந்து தபால் வந்தது, அட்டைப்பெட்டி நிறைய.
அகிதாவிலிருந்து சிறகுள்ள கணவாய்.
மோரியோகாவிலிருந்து குடை பிடித்த எலும்புக்கூடு.
யாரோ தன் கணக்கு வாத்தியாரை வரைந்திருந்தான்,
மூக்குக்கண்ணாடியில் பீரங்கியோடு.
குசுமாகி ஒவ்வொன்றாகப் பார்த்தார்.
சிரித்தாரா என்று நினைவில்லை.
வசந்தத்தில் விலகினார்,
அரிசிக் குக்கருக்கு நிரல் எழுதும் கம்பெனிக்கு.
அங்கே யாரும் சாவதில்லை, என்றார்.

அடியில் ஓர் அட்டை கிடந்தது.
இரண்டு மாடி ஏறி நேரில் கொடுத்திருக்கலாம்;
தபால்தலை ஒட்டி, ஊர் சுற்றி வந்திருக்கிறது.
கட்டம் காலி.
பென்சிலின் சிறு கீறல்கூட இல்லை.
கீழே சினாமியின் கையெழுத்து:
‘பார்த்து வரைந்தது.’

எல்லாரும் போன பிறகு, விளக்கை அணைத்து,
ஐந்தாம் கட்டத்துக்கு வருகிறேன்.
பொத்தானிலிருந்து கட்டைவிரலை எடுத்துவிடுகிறேன்.
கீழே இஸ்திரிப்பெட்டி பெருமூச்சு விடுகிறது.
வருகிறார்கள். எட்டு வரை எண்ணி,
இன்னும் ஒருவருக்கு இடம் விட்டு
நகர்கிறேன்.