ஒன்றரைச் சாண், ஒரு விரற்கடை

வாங்க வருகிறவர்கள் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள்.
நான் முதலில் பார்ப்பது
அவர்கள் எப்படி நிற்கிறார்கள் என்பதை.

யாகுட்ஸ்க் சந்தையில் மீன் வரிசைக்குப் பின்னால் என் கடை.
பெயர்ப்பலகை இல்லை, தார்ப்பாய்த் திரை உண்டு.
இன்று மைனஸ் நாற்பத்தெட்டு.
எதிரே வாளிகளில் மீன்கள்
விறகுபோல நெட்டுக்குத்தாக நிற்கின்றன.

பேருந்து ஓட்டுகிறவனுக்கு ஒரு பூட்ஸ்,
அந்த மீன்காரிக்கு வேறு.
நடக்கிற கால் தன்னைத் தானே காய்ச்சிக்கொள்ளும்.
நிற்கிற காலுக்கு அடித்தட்டுதான் கதி:
இரண்டு விரல் தடிமனுக்கு
அழுத்திய கம்பளி.

மாற்றலாகி வந்த கணக்கர் ஒருவர்
போன வாரம் ரப்பர் அடியைத் தட்டிக் காட்டினார்.
இது விரியாது, என்றார்.
விரியாதுதான்.
மே மாதத்தில்.

கச்சிதம் என்று சிரிப்பவர்களின் கையிலிருந்து
பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.
இந்த ஊரில் பூட்ஸ் கடிப்பதில்லை.
கடிப்பது குளிர்.
இறுக்கமான பூட்ஸ்
அதற்கு விரலைப் பிடித்துக் கொடுக்கும்.

பெருவிரலை அசையுங்கள்.
இன்னொரு காலுறை போட்டுக்கொண்டு அசையுங்கள்.
மிச்சமிருக்கும் காற்றுக்கும் சேர்த்துத்தான்
காசு கொடுக்கிறீர்கள்.
என் இடது காலில் சுண்டுவிரல் கிடையாது.
இருபது வயதில்
அழகான பூட்ஸ் ஒன்று வாங்கினேன்.

இரண்டு மணிக்கு அகுலீனா வந்தாள்.
கொதிகலன் நிலையத்தில் இரவு வேலை,
தூக்கம் கண்ணிலேயே நின்றது.
ஆண்கள் வரிசையைத் தொட்டபடி போனவள்
பனிமான் கால்தோலில் தைத்த உன்ட்டியிடம் நின்றாள்.

"யாருக்கு?"
"ப்ரோகோப்பிக்கு. வெள்ளிக்கிழமை விடுகிறார்கள்."

ஆறு வருஷம்.
பிடித்துக்கொண்டு போனது ஜூலையில்,
கேன்வாஸ் செருப்போடு.
விடுவது ஜனவரியில்.
வாங்கி வைத்ததைத்தானே திருப்பிக் கொடுப்பார்கள்.

"நாற்பத்திரண்டா, மூன்றா?"

பதினொரு வருஷம் கூட வாழ்ந்தவள்
எண் தெரியாமல் முழித்தாள்.
பிறகு கையுறையைக் கழற்றினாள்.
சாண் விரித்து, பாதிச் சாண் மடக்கி, ஒரு விரல் வைத்து,
ஒவ்வொரு அடித்தட்டாக அளந்துகொண்டே போனாள்.

முன்பொரு காலையில்
வாசல் பனியில் ஒரு தடம் கிடந்ததாம்.
படி வரை வந்திருந்தது, கதவைத் தட்டவில்லை,
திரும்பிப் போயிருந்தது.
உட்கார்ந்து அளந்து பார்த்தேன், என்றாள்.
அளக்காமலே தெரிந்திருக்குமே என்று
நான் சொல்லவில்லை.

ஏழாவது ஜோடியில் கை சரியாக உட்கார்ந்தது.
அதற்குள் அவள் விரல்நுனிகள் வெளுத்துவிட்டன.
திரைக்குள் இழுத்து, தேநீர்க் குவளையைப் பிடிக்கக் கொடுத்தேன்.

"தடம் பொய் சொல்லும்," என்றேன்,
"அது எப்போதும் காலைவிடப் பெரிது.
வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்க்கச் சொல்."
"வீட்டுக்கு வரவில்லை.
பக்ரோவ்ஸ்கில் அவன் அக்கா இருக்கிறாள், அங்கே போகிறான்."
"பிறகு உனக்கென்ன?"
"பேருந்து நிற்கிற இடத்திலிருந்து
அக்கா வீடு இரண்டு கிலோமீட்டர்."

அப்புறம் ஈவிரக்கமில்லாமல் பேரம் பேசினாள்.
எண்ணூறு ரூபிள் குறைத்தேன்,
கம்பளி அடியட்டை ஒன்றும் பறித்துக்கொண்டாள்.
திரையை விலக்கியவள் நின்றாள்.

"பத்தவில்லையென்றால் மாற்றித் தருவாயா?"
"தருவேன். ஆனால் ஆள் வந்து
இங்கே போட்டுக் காட்ட வேண்டும்."

கொஞ்ச நேரம் மீன்களைப் பார்த்தாள்.

கையிலிருந்ததை வைத்துவிட்டு
அடுத்த அளவை எடுத்துக்கொண்டு போனாள்.