ஏழு நொடித் தாமதம்

என் வேலை ஒரு பொத்தான்.
சிவப்பு. நடுவில் லேசாகத் தேய்ந்தது.
நியூஃபவுண்ட்லாந்தில் எவரேனும் வானொலியில் வசை பாடினால்
அது காற்றில் ஏறுமுன் ஏழு நொடி எனக்கு உண்டு.
அந்த ஏழு நொடிக்குத்தான் சம்பளம்.

வியாழன் காலை பத்தேகாலுக்கு
லியாண்டர் டிசார்ட் வருவான்.
பூட்ஸில் ஒட்டிய பனியை வாசலில் உதறிவிட்டு
ஆறிப்போன தேநீரில் ஒரு மிடறு,
ஒரு செருமல்,
அவ்வளவுதான், போக்குவரத்து அமைச்சர் ஆகிவிடுவான்.
சூட்சுமம் செருமலில் இருக்கிறது.
அமைச்சர் ஸ்னெல்குரோவ் பொய்க்கு முன் இருமுறை செருமுவார்,
பெரிய பொய்க்கு மூன்று.

"படகு பழுதாகவில்லை, அன்பர்களே.
கரையோடு அது கலந்தாலோசனையில் இருக்கிறது."
"பள்ளங்களா? அவை சாலை இளைப்பாறும் இடங்கள்.
ஆவன செய்யப்படும்.
ஆவன எவை என்று ஆராய ஒரு குழு அமைக்கப்படும்."

லாரிக்காரர்கள் ஓரமாய் நிறுத்திச் சிரித்தார்கள்.
மீன் ஆலையில் கத்திகள் வேலையை விட்டுவிட்டு நிற்கின்றன என்று
ஃபோர்மேன் புகார்க் கடிதமே எழுதினான்.
அமைச்சரின் அலுவலகத்திலும்
கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்களாம்.

பிப்ரவரியில் ஒருநாள், மூன்றாம் லைன்.
ஹேக் தீவிலிருந்து டோர்கஸ் பார்டி.
"பத்தொன்பது நாளாச்சுங்க படகு வந்து.
கடையில மாவு இல்ல.
வீட்டுக்காரருக்குக் கண் ஆபரேஷன் தேதி ரெண்டு தரம் தவறிப்போச்சு.
எப்ப வரும், அத மட்டும் சொல்லுங்க."

எழுதிவைத்தபடி அவன் சொல்லவேண்டியது:
"அம்மணி, 'எப்போது' எங்கள் துறையின் கீழ் வராது."
இருமுறை செருமினான்.
மூன்றாவது தொண்டையிலேயே நின்றுவிட்டது.
"செவ்வாய்க்கிழமை," என்றான்.

எனக்கு ஏழு நொடி இருந்தது.
வெட்டவேண்டிய சொற்களின் பட்டியல் எதிரே ஒட்டியிருந்தது.
அதில் செவ்வாய்க்கிழமை இல்லை.

நான்காம் லைன் கொதித்தது.
"ஸ்னெல்குரோவ் பேசுகிறேன். நான் எந்தக் கிழமையும் சொல்லவில்லை!"
"எந்த ஸ்னெல்குரோவ்?" என்றேன். என் வாய் அப்படி.
நேரலையில் விட்டோம்.
ஐந்து நிமிடத்தில் பதினோரு அழைப்புகள்:
யாரிவன் புதுசாய், சுத்த மோசம்,
செருமல்கூட ஒழுங்காய் வரவில்லை,
பழைய ஆளையே போடுங்கள்.

செவ்வாய்க்கிழமை ஹேக் தீவுத் துறையில்
நாற்பது பேர் பெட்டி படுக்கையோடு நின்றிருக்கிறார்கள்.
ஒருவன் மருத்துவரிடம் காட்ட
நொண்டும் நாயைச் சவாரிவண்டியில் வைத்து இழுத்து வந்திருந்தான்.
மூடுபனி வந்தது.
வேறொன்றும் வரவில்லை.

மறு வியாழன். மறுபடி மூன்றாம் லைன்.
லியாண்டர் ஹெட்ஃபோனைக் கழற்றப் போனான்,
கண்ணாடிக்கு இப்பாலிருந்து தலையாட்டித் தடுத்தேன்.
"அம்மா, நான் அமைச்சர் இல்லை."
அவனுடைய சொந்தக் குரலை நேரலையில் அன்றுதான் கேட்டேன்.
மெலிந்த குரல். யாரும் மிமிக்ரி செய்ய முடியாதது.

"தெரியும்ப்பா. டிசார்ட் வீட்டுப் பையன்தான நீ.
உங்கப்பனுக்கும் இதே வாய்தான்.
அசல் ஆளு மூணு தேர்தலா வர்றாரு போறாரு,
ஒரு கிழமை சொன்னதில்ல.
நீ சொன்ன.
அஞ்சு நாளு பெட்டியக் கட்டுறதும் பிரிக்கிறதுமா இருந்தேன்.
பொய்யின்னு தெரிஞ்சுதான் கட்டினேன்."

பிறகு ஒரு சொல் சொன்னாள்.
பட்டியலில் முதலாவது.
அமைச்சருக்கா, அவனுக்கா,
சிரித்துக்கொண்டிருந்த எங்கள் எல்லாருக்குமா,
தெரியவில்லை.

பொத்தான்மேல் விரல் இருந்தது.
நாலு, அஞ்சு, ஆறு.

விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

அடுத்து விளம்பரம்:
பனிக்கால டயர், மூன்று வாங்கினால் நான்காவது இலவசம்,
இந்தச் செவ்வாய் வரை மட்டும்.