முப்பத்தொன்றாம் பக்கம்

சேரன்மகாதேவி ஒன்றிய அலுவலகத்துக்கு எதிரே
வேப்பமரத்தோடு ஒட்டிக்கொண்டு என் கடை.
நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய்.

பேராச்சி முதலில் வந்தது
ஒரு வெள்ளைத்தாளுக்கும் பத்து ரூபாய் வில்லைக்கும்.
"ஆவுடைப்பேரியத் தூர்வாரின கணக்கு வேணும் அண்ணாச்சி.
போர்டுல பதினொன்றரை லட்சம்னு எழுதியிருக்கு.
குளத்துக்குள்ள உடைமரம் அப்படியே நிக்கு."

முப்பதாம் நாள் பதில் வந்தது, ஒரே வரி:
கோப்பு கரையானால் சேதமுற்றது எனத் தெரிவிக்கலாகிறது.

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு தாள் வாங்கினாள்.
சொல்லச் சொல்ல நான் எழுதினேன்:
கரையான் எந்தத் தேதியில் வந்தது.
பார்த்தவர் பெயர், பதவி.
மருந்து அடித்த செலவுச் சீட்டின் நகல்.
பக்கத்துக் கோப்புகளை அது ஏன் தொடவில்லை.

ஏன் என்று கேட்டால் சட்டப்படி பதில் வராது என்று
கடைசி வரியை அடித்தேன்.
திரும்ப எழுதச் சொன்னாள்.

மேல்முறையீடு, பதிவுத் தபால்,
பிசானத்துக்கு நாற்றுப் பாவி, நட்டு, களையும் எடுத்தாயிற்று.
பிறகு ஒருநாள்
கரையான் தின்ற கோப்பு வந்து சேர்ந்தது,
நாற்பத்தாறு பக்கம்,
ஓரம்கூட அரிக்காமல்.

வருகைப் பட்டியலில் அவள் பெயர்.
பதினான்கு நாள் மண் சுமந்திருக்கிறாள்.
எதிரே கைநாட்டு, யாருடைய பெருவிரலோ, நல்ல அழுத்தம்.
"அந்தப் பதினாலு நாளும் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரில கெடந்தேன்.
நான் கையெழுத்துப் போடுவேம்லா" என்றாள்.
கைநாட்டுதான் அவளை அதிகம் சுட்டது.

எல்லாவற்றிலும் இரண்டு படி கேட்டாள்.
கண்ணாடிமேல் ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன்.
பக்க எண்ணை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நின்றாள்.

முப்பத்தொன்றில் என் கை நின்றது.
நகலெடுத்த வகையில் நாலாயிரத்து அறுநூறு.
மேலே என் கடை முத்திரை, கீழே என் கையெழுத்து,
தொகை மட்டும் வேறு எழுத்து.
ஒப்பந்தக்காரர் மகன்
வெற்றுச் சீட்டு ரெண்டு கிழிச்சுத் தாங்க என்றபோது
வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தேன்.
அந்த எண்ணெய் விரல் சாம்பல் கறையாக
இந்த நகலிலும் விழுந்திருக்கிறது.

"கரண்ட் போயிட்டா?" என்றாள்.
தலைக்குமேல் விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

மூடியை இறக்கினேன்.
பச்சை வெளிச்சம் இந்தக் கோடியிலிருந்து
அந்தக் கோடிக்குப் போனது.
இரண்டு தடவை.

நாற்பத்தாறும் முடிந்ததும்
நூற்றெண்பத்து நாலு ரூபாயை எண்ணி வைத்தாள்.
"பில்லு ஒண்ணு தாங்க அண்ணாச்சி.
தொகைய நீங்களே எழுதிருங்க."