குறை எடை

எனக்குப் பசி வேளைக்கு வருவதில்லை.
போனால்தானே வருவதற்கு.

விடிகாலை ஐந்துக்கு ஆறு முட்டை.
வெள்ளையை மட்டும் தின்னச் சொல்கிறார்கள்.
மஞ்சளை என்ன செய்ய,
ஏழு ரூபாயில் பாதி அல்லவா அது?
பிறகு பழைய சோறு, நேற்றைய கொள்ளுக் கடைசல்,
சட்டியின் அடியில் ஒட்டியதுவரை வழித்து.
எட்டு மணிக்கு அயோத்தியாப்பட்டணம் ஆலைக்குள் கால் வைக்கும்போது
வயிறு மறுபடி கதவைத் தட்டும்.
கடன்காரனாவது தவணை கொடுப்பான்.

களம் முழுக்க ஜவ்வரிசி.
வெயில் ஏற ஏறக் கண் கூசும் வெள்ளை.
பலகையால் தள்ளிப் பரப்பி, புரட்டி, மறுபடி பரப்பி,
ஒரு ஊருக்கே பாயசம் வைக்கலாம் இதில்.
அத்தனையும் மாவு.
எனக்கு வேண்டியது இதில் ஒரு சிட்டிகைகூட இல்லை என்பதை
தஸ்தகீர் தன் ஜிம் சுவரில்
சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறார்:
கோகிலவாணி, நாளுக்கு நூறு கிராம் புரதம்.
கீழே வேறொரு கையெழுத்தில் யாரோ:
கூலி நாளுக்கு நானூற்று இருபது.
(அது நான்தான்.)

கொழுத்தவனுக்குக் கொள்ளு
இளைத்தவனுக்கு எள்ளு என்கிறது பழமொழி.
எண்பது கிலோவைத் தோளில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்து எழுகிறவளுக்கு என்ன என்று
அது சொல்லவே இல்லை.
நான் இரண்டையும் தின்கிறேன்.

அம்மாப்பேட்டையில் ஒரு மெஸ்.
வாசலில் 'அளவில்லாச் சாப்பாடு' என்று போர்டு.
மூன்றாம் முறை சோறு கேட்டேன்.
அகப்பை வாளிக்குள்ளேயே நின்றது.
"பார்சலாம்மா?"
இல்லைங்க, இலைக்குத்தான்.
பக்கத்து இலைக்காரர் ஐந்தாவது முறை ரசம் ஊற்றிக்கொண்டு
என் இலையைப் பார்த்தார்.
நான் அவர் ரசத்தைப் பார்த்தேன்.
சோறு வந்தது.

சில மாலைகளில் தோற்றுப்போவேன்.
தட்டுவடை வண்டி,
இரண்டு தட்டைக்கு நடுவே பீட்ரூட், கேரட்,
காரச் சட்னி உள்ளங்கையில் வழியும்.
கணக்கில் சேராத தீனி.
இரண்டு செட் தின்றுவிட்டு
சுவரில் எழுதாமல் விட்டுவிடுவேன்.

இரவு இரண்டு மணிக்கு
பசி எழுப்பிவிட்டால் மறுபடி படுக்கவிடாது.
ஊறவைத்த நிலக்கடலைக் கிண்ணத்தோடு
மொட்டைமாடிக்குப் போவேன்.
ஏற்காட்டு மலைப்பாதையில்
ஒற்றை வண்டியின் விளக்கு ஏறிக்கொண்டிருக்கும்.
வளைவில் மறையும். வராது.
இஞ்சின் நின்றுவிட்டதோ என்று
நான் மெல்லுவதை நிறுத்தும் நேரம்
ஒரு படி மேலே தெரியும்.
ஒரு வளைவுக்கு நாலு கடலை.
இருபது வளைவும் ஏறி முடிப்பதற்குள்
கிண்ணம் காலியாகிவிடும்.
வண்டிக்காரர் அங்கே போய் என்ன தின்பாரோ.

ஆலையில் மூட்டை நிறுக்கும் தராசில்தான்
நான் என்னை நிறுத்துக்கொள்வது.
பங்குனியில் முதல்முறை ஏறியபோது
கணக்கெழுதும் செல்வமேரி தலை நிமிரவே இல்லை.
முள்ளைப் பார்த்தார், பேரேட்டில் எழுதினார்:
மூட்டை ஒன்று. ஐம்பத்தெட்டு கிலோ.
குறை எடை, முப்பத்திரண்டு.
அப்புறம்தான் செருப்பைப் பார்த்தார்.

அடித்துவிடப் பேனாவை எடுத்தார்.
இருக்கட்டும் அக்கா என்றேன்.

இன்று ஆவணி கடைசி.
தலைமுடியில் படிந்த மாவைத் தட்டிவிட்டு ஏறினேன்,
பொய் எடை சேரக்கூடாது.
அறுபத்தொன்றரை.
செல்வமேரி பழைய பக்கத்தைப் புரட்டிப்
பக்கத்திலேயே எழுதினார்:
குறை, இருபத்தெட்டரை.
"நிரம்பினதும் தைச்சு லாரியில ஏத்திடறேன்"
என்று சிரித்தார். நானும்தான்.

இறங்கினேன்.
பழைய தராசு.
முள் பூஜ்யத்துக்குத் திரும்பச் சற்று நேரம் பிடித்தது.
அதற்குள் பசித்தது.